கந்தகம் குறைந்தால் பழைய டீசல் கார் ஏன் ஒழுகுகிறது?

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தந்தையார் விட்டுச்சென்ற மெர்சிடிஸ் 240டி கார் பல ஆண்டுகளாக ஒரு சொட்டும் சிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50 பங்கு கந்தகம் கொண்ட) டீசலுக்கு மாறிய சில வாரங்களில், எஞ்சினுக்கு டீசலை அழுத்தத்தில் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்ப்பின் மேற்புறம் ஈரமாகி, இப்போது தரையில் சொட்டுகிறது. புது டீசலில் கலப்படம் என்கிறார்களே, உண்மைதானா?

கலப்படத்தைத் தேட வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 2006 ஜனவரியில், டீசலில் பத்து லட்சத்துக்கு 3000 பங்கு வரை இருந்த கந்தகத்தின் வரம்பு 500 ஆகக் குறைக்கப்பட்டது. 50 பங்கு வகையும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் 500 பங்கு வரம்பு நடைமுறைக்கு வந்தபோதே, பழைய வண்டிகளின் பம்ப்புகள் கசிவதாகப் பல இடங்களிலிருந்து புகார்கள் எழுந்தன. அந்தப் பம்ப்புகளில் இருந்தவை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன ஓ-வளையங்கள், அதாவது இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வட்ட வளையங்கள்.

ஆனால் கந்தகம் போனதால் ரப்பர் கெடுவதில்லை. கந்தகத்தைப் பிரிக்க ஆலையில் டீசலை ஹைட்ரஜனோடு சேர்த்து அழுத்தத்தில் சூடாக்கும்போது, பென்சீன் வளையம் கொண்ட அரோமேட்டிக் மூலக்கூறுகளில் ஒரு பகுதியும் ஹைட்ரஜனை ஏற்று உருமாறிவிடுகிறது. உண்மையான காரணம் இந்த மூலக்கூறுகளின் குறைவுதான். நைட்ரைல் ரப்பர் என்பது ஆங்காங்கே முடிச்சிடப்பட்ட நீண்ட சங்கிலிகளின் வலை. அரோமேட்டிக் மூலக்கூறுகள் அதற்குள் எளிதில் நுழைந்து சங்கிலிகளை விலக்கி அமர்கின்றன. வலை விரிய விரிய, அதைச் சுருக்க முயலும் மீள்விசையும் கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் வீக்கம் நிற்கிறது. பழைய டீசலில் ஊறிய வளையம் இவ்வாறு சற்று உப்பிய நிலையிலேயே தன் பள்ளத்தை நிரப்பி, அந்த வடிவத்திலேயே ஆண்டுக்கணக்கில் இறுகிப்போகிறது. அரோமேட்டிக் குறைந்த டீசல் வந்ததும் உள்ளே குடியிருந்த மூலக்கூறுகள் மெல்ல வெளியேற, வளையம் சுருங்குகிறது. இளம் ரப்பராயின் மீண்டும் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முதிர்ந்த ரப்பருக்கு அந்தத் தெம்பு இல்லை. கழற்றிய பழைய வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வட்டமாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு தட்டையாகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் சட்டென்று மறையாது.

ஆகவே புதிய வளையம் போட்டால் சிக்கல் தீரும். 240டி பம்ப்பில், இன்ஜெக்டர் குழாய்களுக்கு டீசலை அனுப்பும் நான்கு டெலிவரி வால்வுகளின் அடியிலும் ஒரு ஓ-வளையமும் ஒரு செம்பு வாஷரும் உண்டு. நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே நல்லது. டீசலில் அதிகம் வீங்காத புளோரோகார்பன் ரப்பர் வளையங்கள் கிடைத்தால் அவையே மேல். பம்ப்பைச் சுற்றி முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகளும் உள்ளே போகக் கூடாது. வால்வும் அதன் கூடும் இணையாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால் ஒன்றுக்கொன்று மாற்றிவிடாதீர்கள். முறுக்கும் அளவைக் கையேட்டிலிருந்து எடுங்கள், ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கினால் பம்ப்பே பழுதாகும். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது: இன்ஜெக்டர் குழாயில் 100 பாருக்கு மேல் அழுத்தம் இருப்பதால், அதில் மெல்லிய விரிசல் இருந்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கசிவை நிறுத்தும் என்று கடையில் விற்கும் புட்டிகளைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். சில புட்டிகளில் ரப்பரை மீண்டும் வீங்கவைக்கும் சரக்கு இருக்கலாம். ஆயினும் தெம்பிழந்த வளையத்தை நம்பிக் காலம் தள்ளுவது, எஞ்சினைத் திறக்காமல் பம்ப்பருக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதைவிட அதிகப் பயன் தருமென்று எனக்குத் தோன்றவில்லை. எரிபொருளின் தரத்தை மாற்றும் அரசுகள், சாலையில் ஓடும் பழைய வண்டிகளின் சீல்களைச் சோதிக்கும் ஆய்வுக்கும் சிறிது பணம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

வளையங்களை மாற்றிய பிறகும் காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பாவிட்டால், தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள குழாயைப் பாருங்கள். அங்கே டீசல் உறிஞ்சப்படுவதால் ஓட்டை இருந்தாலும் சொட்டாமல் காற்றே உள்ளே புகும். அந்த இடத்தில் சிறிது நேரம் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டைப் பொருத்தி ஓடவிட்டால், குமிழிகள் வரிசையாகப் போவது கண்ணுக்குத் தெரியும்.