ஆந்தைத் தலையில் புறா

சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஐயா, நாற்பது வெள்ளி கொடுத்துப் பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி மாடி விளிம்பில் கட்டினேன். நாலு நாள் ஒரு புறாவும் வரவில்லை. இப்போது ஆந்தைத் தலையிலேயே உட்கார்ந்து எச்சமிடுகின்றன. ஏன்?”

பதில் உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. சிப்புட் என்றால் மலாயில் நத்தை. இந்தக் கேள்வியை நரம்பு வரைக்கும் போய்த் துருவ உதவியது ஒரு கடல் நத்தைதான்.

அதன் பெயர் அப்ளீசியா. நமக்குக் கோடிக்கணக்கில் இருக்கும் நரம்பணுக்கள் இதற்குச் சுமார் 20,000தான். சில அணுக்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் கொஞ்சம் குறைவாக. பத்தாவது முறை, ஏதோ பேருக்கு அசையும். அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டலும் கூட்டாளிகளும் இதைத்தான் விடாமல் செய்து பார்த்தார்கள்.

தசை களைத்துவிட்டதா? இல்லை. தோல் உணர்ச்சி மரத்துப்போனதா? அதுவும் இல்லை. தொடுதலை உணரும் அணு, தசையை இயக்கும் அணுவுக்குச் சேதி சொல்ல ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. தொடுதலால் கெடுதல் ஏதும் வராதபோது, ஒவ்வொரு முறையும் அந்தச் சுரப்பு குறைகிறது. தோட்டத்தில் ஆட்கள் தெம்பாகத்தான் நிற்கிறார்கள்; வேலை ஏவும் மண்டோர்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டே போகிறார். எனக்கு இதில் அலுக்காத விஷயம் இன்னொன்று உண்டு. பத்துத் தொடுதலோடு விட்டால் இந்தப் பழக்கம் சீக்கிரம் கலைந்துவிடும். அந்தப் பத்தையே இடைவெளி விட்டு நான்கு தவணை திரும்பச் செய்தால் மூன்று வாரம் வரை நிலைக்கும்.

புறாவின் மூளை இதைவிட எவ்வளவோ சிக்கலானது. ஆனாலும் பழகிப்போகும் விதத்தில் இரண்டும் ஒரே ஜாதி. தினமும் காலையில் வருகிறது, ஆந்தையைப் பார்க்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, போகிறது. தவணை தவணையாக அதற்குப் பாடம் எடுத்தது நீங்கள்தான். போதாததற்கு, பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் நிஜக் கூகை ஆந்தையே இரவில் எலி தேடிப் போகிற பறவை, பகலில் புறா தேடி அல்ல.

நத்தையைத் தொட்டுப் பார்க்கவா மக்கள் பணம் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 2000-ல் காண்டலுக்கு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடனே காசாகாத ஆய்வுக்கு நம் நாட்டிலும் இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் பறவையை விரட்டும் என்று விற்கிற மீயொலிப் பெட்டியும் வாங்கிவிடாதீர்கள். மீயொலி என்பது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். புறாவின் காது 10,000-ஐக்கூட எட்டாது. கடை வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதற்குக் கரண்டு பில் வரும்.

சரி, என்னதான் செய்வது? பயத்தை நம்பாத வழிக்குப் போங்கள். மாடப்புறாவின் முன்னோர் செங்குத்துப் பாறைகளில் வாழ்ந்தவை. உங்கள் கடை விளிம்பு அதற்கு இன்னொரு பாறை. அதன் மேல் 45 பாகைக்குக் குறையாத சரிவாக வழுவழுப்பான தகடு பொருத்தினால் கால் நிற்காது. சறுக்கலுக்கு யாரும் பழகிப்போவதில்லை.

முள் பட்டை என்றால் விளிம்பின் வெளி ஓரம் வரை வர வேண்டும். அகலமான விளிம்புக்கு ஒரு வரிசை போதாது. பின்னால் விட்ட இடைவெளியில் நிம்மதியாகக் கூடு கட்டிவிடும். ஐரோப்பாவில் மாக்பை பறவைகள் முள் பட்டைகளையே பிடுங்கிக் கூடு கட்டியிருக்கின்றன, அது வேறு கதை. வலையில் புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணி போதும்; மைனாவுக்கு 28 வேண்டும். சுற்றிலும் கம்பிவடம் ஓட்டி விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பறவை சிக்கிச் செத்தால் அந்த நாற்றம் தனி.

எதைப் பொருத்தினாலும் முதலில் எச்சத்தை அகற்ற வேண்டும், அதன் மேல் பசை ஒட்டாது. காய்ந்த எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். அதனால் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுரண்டுங்கள். அப்புறம் கடைக்குப் பின்னால் சிந்திக் கிடக்கும் அரிசியையும் கூட்டிவிடுங்கள். ஆந்தையைக் கழற்றும்போதும் முகக்கவசம் இருக்கட்டும், அதன் தலையில்தான் எச்சம் அதிகம்.