குறுங்கடற்குதிரை

‘பிக்மி சீஹார்ஸ்’ என்பதைக் ‘குட்டிக் கடற்குதிரை’ என்று எழுதினால் பொருள் கெடும். இரண்டு சென்டிமீட்டர்தான் இருந்தாலும் அது குஞ்சு அல்ல, முழுதாக வளர்ந்த மீன். குள்ளநரியை யாரும் நரிக்குட்டி என்பதில்லையே! வளர்ந்தும் சிறிதாகவே இருப்பதற்குத் தமிழில் ‘குறு’ உண்டு: குறுமுயல், குறுங்காடு. அவ்வழியில் குறுங்கடற்குதிரை.

‘கடற்குதிரை’யில் சிக்கல் இல்லை. கடல், குதிரை சேரும்போது லகரம் றகரமாகும். பேரினப் பெயரான ஹிப்போகாம்பஸ் கிரேக்கம்: ஹிப்போஸ் குதிரை, காம்போஸ் கடற்பூதம். ‘பிக்மி’யும் அங்கிருந்து வந்ததே. பிக்மே என்பது முழங்கையிலிருந்து விரல் முட்டி வரையான அளவு, நம் முழத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த மீனுக்கு அதுவே மிகை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புகளில் காட்ட உள்ளூர் எடுத்துக்காட்டே இருக்கிறது. குவாசூலு-நட்டாலின் வடகோடியில், சொட்வானா விரிகுடாவில் கிடைத்த ஹிப்போகாம்பஸ் நலு 2020இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஆப்பிரிக்கக் கடலில் அறியப்பட்ட முதல் குறுங்கடற்குதிரை அது. அதன் உறவினங்கள் தென்கிழக்காசியாவிலும் பசிபிக்கிலும் இருக்கின்றன. அவற்றுள் பார்கிபந்தி போன்றவை கடல்விசிறி என்னும் விசிறி வடிவப் பவளத்தைப் பற்றி வாழும். நலு அப்படியல்ல: 12 முதல் 17 மீட்டர் ஆழத்தில், அலை புரட்டும் பாறையில் மணலோடு கலந்த குட்டைப் பாசியை வாலால் பிடித்துக்கொள்கிறது. ‘நலு’ சூலு, கோசா மொழிகளில் ‘இதோ இருக்கிறது’. ஹவாய் மொழியில் அலை. முதலில் கண்ட முக்குளிப்புப் பயிற்சியாளரின் நடுப்பெயரும் அதுவே. தமிழில் ‘நாலு’ என்று நீட்டிவிடாதீர்கள், எண்ணாகிவிடும்.

பெரிய இனத்தின் குஞ்சும் இதே அளவில் இருக்கும் என்பதால் நீளத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டால் தவறும். தலையின் பின்புறத்தைப் பாருங்கள். சாதாரணக் கடற்குதிரைக்குப் பக்கத்துக்கொன்றாக இரண்டு செவுள் துளைகள். குறுங்கடற்குதிரைக்குப் பின்மேல் நடுவில் ஒன்றே. இரண்டிலும் ஆண்தான் முட்டை சுமக்கும். ஆனால் பெரியவற்றில் பை வாலின் அடியில் இருக்கும், குறியவற்றில் உடற்பகுதிக்குள்ளேயே. பக்கவாட்டுப் படம் மட்டும் எடுத்தால் செவுள் தெரியாது. பின்னாலிருந்தும் ஒன்று வேண்டும். நலுவின் முதுகில் கூரிய முட்களும் உண்டு. உறவினங்களுக்கு அவை முனை மழுங்கித் தட்டையாக இருக்கும்.

தெற்கே நைஸ்னா கழிமுகத்தில் வாழும் ஹிப்போகாம்பஸ் கேப்பென்சிஸ் 12 சென்டிமீட்டர் வரை வளரும். அதற்குக் ‘குறு’ வேண்டாம். ‘நைஸ்னா கடற்குதிரை’ போதும்.