ஹிம் என்பது ஞானப்பாட்டு

மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவ சபைப் பிரிவின் ஆராதனையில் சபையார் எழுந்து நின்று ஒரே குரலாகப் பாடும் பாட்டை ஆங்கிலத்தில் ‘ஹிம்’ என்பார்கள். எழுதும்போது இச்சொல்லின் கடைசியில் ஒரு ‘ன்’ உண்டு. உச்சரிப்பில் அது மறைந்துவிடும். பாட்டுப் புத்தகத்தை ‘ஹிம்னல்’ என்று சொல்லும்போது திரும்பி வரும். மூலம் கிரேக்கச் சொல்லான ‘ஹும்னோஸ்’. அது இலத்தீனில் ‘ஹிம்னுஸ்’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்தது.

‘ஹும்னோஸ்’ கிறிஸ்தவத்துக்கு மிகவும் முந்தியது. தெய்வங்களையும் வீரர்களையும் போற்றும் பாட்டை கிரேக்கர் அப்படி அழைத்தனர். நெய்தலைக் குறிக்கும் வினைச்சொல்லோடு இதை உறவுபடுத்திப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு; கிரேக்கக் கவிஞர்களும் பாட்டை ‘நெய்ததாக’ எழுதியிருக்கிறார்கள். பஞ்சிலிருந்து வரும் இழைக்கும் புலவன் இயற்றும் படைப்புக்கும் ‘நூல்’ என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. நன்னூல் அந்த ஒப்புமையை ஒரு வெண்பாவாகவே பாடி வைத்திருக்கிறது. ஆகவே இந்த விளக்கம் தமிழ்க் காதுக்குப் புதிதாக இராது.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இச்சொல்லை இறைத்துதிக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு பழைய திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன், வேதாகமத்திலுள்ள தாவீதின் பாட்டுகளான சங்கீதங்களுக்கு எழுதிய விளக்கவுரையில் அதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். துதி இருக்க வேண்டும், அது கடவுளைப் பற்றியதாக இருக்க வேண்டும், அது பாடப்பட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது ‘ஹிம்னுஸ்’ ஆகாது.

மெதடிஸ்டுகள் கையில் இந்த இலக்கணம் விரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில் மக்கள் பாடியது பெரும்பாலும் செய்யுளாக்கப்பட்ட சங்கீதங்களைத்தான். ஐசக் வாட்ஸ் (1674–1748) போன்ற, அத்திருச்சபையைச் சேராத தனிச்சபையார் புதிய பாட்டுகளுக்கு வழி திறந்திருந்தாலும், அவை எங்கும் வரவேற்கப்படவில்லை. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791), அவருடைய தம்பி சார்ல்ஸ் வெஸ்லி (1707–1788) இருவரும் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார்கள். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல் அடித்து மற்றவர்கள் அலறியபோது, உடன் வந்த மொரேவியர் என்னும் ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி ஜானின் மனத்தில் ஆழப் பதிந்தது. அவர் ஜெர்மன் பாட்டுகளை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1737இல் சார்ல்ஸ்டனில் ஒரு பாட்டுத் தொகுப்பை அச்சிட்டார்.

சார்ல்ஸ் தம் வாழ்நாளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதினார். அவற்றிலிருந்தே பெரும்பகுதியைத் தெரிந்து, 525 பாட்டுகள் கொண்ட தொகுப்பை ஜான் 1780இல் வெளியிட்டார். பொருள் விளக்கத்துக்கு இந்தப் புத்தகத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அது கிறிஸ்து பிறப்பு, உயிர்த்தெழுதல் என்று திருச்சபை நாட்காட்டியைப் பின்பற்றி அடுக்கப்பட்டதன்று. பாவிகளைத் திரும்பி வர அழைக்கும் பாட்டுகளில் தொடங்குகிறது. பாவத்தை உணர்ந்து துக்கிப்பவர்கள், பின்வாங்கிப் போனவர்கள், மறுபடி மீட்கப்பட்டவர்கள் என்று போகிறது. பின்பு விசுவாசிகள் மகிழும்போது, போராடும்போது, விழித்திருக்கும்போது, வேலை செய்யும்போது, துன்பப்படும்போது பாடுவதற்கென்று தனித்தனிப் பிரிவுகள். ஓர் ஆத்துமா நடந்துபோகும் பாதை முழுவதும் அங்கே இருக்கிறது. அனுபவமும் நடைமுறையும் சேர்ந்த இறையியலின் சிறு தொகுப்பு என்று ஜான் தம் முன்னுரையில் அதைச் சொன்னது மிகச் சரி. பள்ளிக்கூடம் பார்க்காத சுரங்கத் தொழிலாளியும் இரட்சிப்பின் உபதேசத்தை மனப்பாடமாக வைத்திருந்தது இப்பாட்டுகளால்தான்.

அதனால் ‘ஹிம்’ என்பதைத் ‘துதிப்பாடல்’ என்று மட்டும் பெயர்ப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அகுஸ்தீனின் இலக்கணத்துக்கு அது பொருந்தும். மெதடிஸ்ட் பாட்டுக்குப் போதாது. யாக்கோபு விடியுமட்டும் தேவதூதனோடு போராடியதைச் சார்ல்ஸ் பாடிய பாட்டில் கெஞ்சலும் பிடிவாதமும் உண்டு. அதைத் துதி என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க முடியாது.

‘கீர்த்தனை’ பொருந்துமா? எபேசியர் 5:19இல் சங்கீதங்கள், கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள் என்று மூன்று சொற்கள் வரிசையாக வருகின்றன. கிரேக்கத்தில் ‘ஹும்னோஸ்’ நிற்கும் இடத்தில் நம் வேதாகமம் ‘கீர்த்தனை’ என்றே வைத்திருக்கிறது. ஆனால் தமிழ்ச் சபையின் வழக்கு வேறு வழியில் போயிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் இசை மரபில் இயற்றியவற்றுக்கே கீர்த்தனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரே அளவுள்ள கண்ணிகள் ஒரே மெட்டில் திரும்பத் திரும்ப வரும் மேலைநாட்டு வடிவம் அதிலிருந்து வேறுபட்டது. ‘கீர்த்தனை பாடுவோம்’ என்றால் சபையார் வேறு புத்தகத்தை எடுப்பார்கள்.

அதே வசனத்தின் மூன்றாம் சொல்லே இந்த வடிவத்துக்கு வாய்த்தது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிய காலத்திலிருந்து ‘ஞானப்பாட்டு’ வழங்கி வருகிறது. இங்கே ‘ஞானம்’ என்பதை அறிவு என்று கொள்ளக் கூடாது. ஞானஸ்நானம், ஞானபோஜனம், ஞானபானம் என்று வேதாகமத் தமிழில் வரும் ‘ஞான’ என்னும் அடைமொழி, ஆவிக்குரியது என்னும் பொருளைத் தருவது. ஆவியிலிருந்து எழும் பாட்டு, அது புகழ்ச்சியானாலும் புலம்பலானாலும், ஞானப்பாட்டு. இத்தனை அகலம் வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை.

‘பாமாலை’யும் அழகான சொல். பாக்களின் மாலை என்பதால் அது தொகுப்பைக் குறிப்பது. இரட்டைமணிமாலை, நான்மணிமாலை என்று சிற்றிலக்கியங்களுக்குப் பெயரிட்ட மரபிலிருந்து வந்தது. ஆலயங்களில் ஒரு தனிப் பாட்டையும் பாமாலை என்றே சொல்கிறார்கள். பேச்சில் அது தவறில்லை. எழுத்தில், ‘ஹிம்’ என்பதற்கு ஞானப்பாட்டு, ‘ஹிம்னல்’ என்பதற்குப் பாமாலை என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. ‘சங்கீதம்’ தாவீதின் பாட்டுகளுக்கு உரியது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பாடுவதும் இச்சொல்லின் பொருளில் ஒரு பாதி. 1761இல் ஜான் வெஸ்லி பாடுவோருக்கு ஏழு விதிகள் தந்தார். எல்லாரும் பாட வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவர்போல முனகாமல் துணிந்து பாட வேண்டும். அதே சமயம் மற்றவர் குரலை அமுக்கிக் கத்தக் கூடாது. தாளம் தவறக் கூடாது. ஒவ்வொரு சொல்லிலும் கண் கடவுள்மேல் இருக்க வேண்டும். பாடகர் குழு பாட, மக்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மெதடிஸ்ட் பொருளில் ஞானப்பாட்டு ஆகாது என்பேன்.

கடைசியாக ‘ட்யூன்’. நம் ஆலயங்களில் இதை ‘ராகம்’ என்கிறார்கள். இராகம் பல பாட்டுகளுக்கு இடம் தரும் சுர அமைப்பு. ‘ட்யூன்’ கட்டி முடிக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட இசைவடிவம். ஆகவே ‘மெட்டு’ என்பதே சரி. மெட்டுக்குச் சொற்களிலிருந்து பிரிந்த தனிப்பெயர் உண்டு. அடிகளின் ஒலியசைக் கணக்கு 8, 6, 8, 6 என்று ஒத்திருந்தால் ஒரு பாட்டை இன்னொன்றின் மெட்டில் பாடலாம். தம் மனமாற்றத்தின் முதல் ஆண்டு நிறைவுக்காகச் சார்ல்ஸ் எழுதிய ‘ஆயிரம் நாவுகள்’ பாட்டு, 1780 தொகுப்பில் முதலாவதாக நிற்பது, இந்த அளவில் அமைந்ததுதான். அமெரிக்காவில் அதை ‘அஸ்மோன்’ மெட்டில் பாடுகிறார்கள். பிரிட்டனில் ‘ரிச்மண்ட்’, ‘லிடியா’ போன்ற மெட்டுகளில் பாடுகிறார்கள். ஆராதனை முறைமையை அச்சிடுவோர் பாட்டு எண்ணோடு மெட்டின் பெயரையும் சேர்த்துக் குறிப்பது நல்லது.