ரவுட்டரைப் பொருத்திய முதல் நாளில் விட்டுப்போகும் வேலைகள்

"நெட் ரொம்ப மெதுவா இருக்கு, ஒரு தடவை வந்து பாருங்க" என்று யாராவது அழைத்தால், நான் கேட்கும் முதல் கேள்வி: "ரவுட்டரை எங்கே வச்சிருக்கீங்க?" பாதிப் பேருக்குச் சட்டென்று பதில் வராது. யோசித்துவிட்டு, "டிவிக்குப் பின்னாடின்னு நினைக்கிறேன்" என்பார்கள். பொருத்த வந்தவர் கேபிள் எட்டிய இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். அதன்பிறகு அந்தப் பெட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டு நெட்வொர்க்கில் நான் சரிசெய்யும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த முதல் நாளிலேயே முளைத்தவை.

வைஃபைக்கு உலோகமும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. இரும்பு பீரோ, டிவியின் பின்தகடு, ரசம் பூசிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி எல்லாமே சிக்னலைத் தடுக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் ரவுட்டர் இருந்தாலே பாதிப் புகார் குறைந்துவிடும். பார்க்க அழகாக இல்லை என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சிக்னல் வரவில்லை என்று கம்பெனியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர் தாண்டிப் போகும், ஆனால் அங்கே நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4-க்குள் பிரித்து வைத்திருக்கும் பாதைகளான சேனல்களில் 1, 6, 11 ஆகிய மூன்றை எடுத்தால்தான் ஒன்றோடு ஒன்று உரசாது. 'ஒண்ணும் ஆறும் நிறைஞ்சு கிடக்கு, மூணு காலியா இருக்கே' என்று 3-ஐத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வேகம் வரவில்லையென்றால் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைப் பிடிக்க வேண்டும். ஒரு வீட்டில் மாடி அறையில் இருந்த கம்ப்யூட்டரில் வேகச் சோதனை 94 எம்பிபிஎஸ் காட்டியது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். 94, 93, 94. அவர்கள் வாங்கியிருந்த இணைப்போ 300. இந்த 94-ஐப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் கேபிள் மேல்தான். 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் சுமையெல்லாம் போக நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100-க்கு நாலு போதும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற நாலில் ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் இணைப்பு துண்டிக்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும்.

பிளக்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் முனையைப் பார்த்தேன். ஏழு செம்புப் புள்ளிகள் மின்னின. மிச்சமிருந்த ஓர் இடத்தில், நீலக் கம்பி ஒரு பருப்பளவு உள்ளே தள்ளி நின்றது. கிரிம்பிங் செய்தவர், அதாவது கேபிளில் பிளக்கை அழுத்திப் பொருத்தியவர், கம்பிகளைச் சமமாக வெட்டாமல் அவசரத்தில் அழுத்தியிருக்கிறார். முனையை வெட்டி, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்று வரிசையாக அடுக்கிப் புது பிளக் அடித்தேன். பத்து நிமிட வேலை. ஒரு வருஷமாக அவர்கள் 300-க்குப் பணம் கட்டி 94-ஐ ஓட்டியிருக்கிறார்கள். (வேகம் குறிப்பது மெகாபிட்டில், டவுன்லோடு காட்டுவது மெகாபைட்டில். 100-க்கு 12.5 காட்டினால் அது மோசடி அல்ல, எட்டால் வகுத்த கணக்கு.)

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், சிக்னல் எட்டாத அறைக்காக ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுபோய் முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கான கேபிள் துளை) இதன் லேன் போர்ட்டில் செருகிவிட்டு, சிக்னல் முழுசாக வந்ததும் கிளம்பிவிட்டேன். மறுநாள் அழைப்பு: ஒரு போனில் நெட் வருகிறது, இன்னொன்றில் இல்லை, பிரிண்டரைக் காணவே காணோம். காரணம், இரண்டு ரவுட்டர்களும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண்ணை வழங்கும் டிஹெச்சிபி வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தன. ஒன்று 192.168.1 என்று கொடுக்க, மற்றது 192.168.0 என்று கொடுத்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு தபால்காரர்கள் இரண்டு கதவிலக்கங்களை எழுதிக்கொண்டிருந்த கதை. இரண்டாவதில் டிஹெச்சிபியை அணைத்து, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே மோதாத ஒரு முகவரி கொடுத்தால் போதும். சில ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறை என்றே ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் முடிந்தது.

இனி, வேகத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் நான் விடாமல் சொல்லும் விஷயம். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. முதலாவதை எல்லோரும் மாற்றுகிறார்கள். இரண்டாவது 'அட்மின், அட்மின்' என்று அப்படியே கிடக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது பெரிய வித்தை எதுவும் காட்டி அல்ல. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கும் மேலாகக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபரில் அந்தப் படையைக் கொண்டு, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. தாக்கியவை எல்லாம் யாரோ வீட்டில் மாட்டி மறந்துபோன கருவிகள்.

பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணை அடித்து வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ் பின் வசதியையும் அணைத்துவிடுவேன். எட்டு இலக்க எண்தான், ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடுவது. ஆகவே கோடிக்கணக்கில் முயல வேண்டாம், அதிகபட்சம் 11,000 முயற்சியில் பூட்டு திறந்துவிடும். இது 2011-லேயே வெளிவந்த சங்கதி. பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்ததை வைப்பேன். வெறும் 3 என்று வைத்தால் பழைய கருவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கேமரா, ஸ்மார்ட் பல்பு வகையறாக்களை விருந்தினர் நெட்வொர்க்கில் தள்ளிவிடுவது நல்லது. கணக்குவழக்கு இருக்கும் கம்ப்யூட்டரோடு அவற்றுக்கு என்ன பேச்சு? ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டைத் தானியங்கியாக்கிவிடுங்கள். கையால் செய்வோம் என்று சொன்னவர்கள் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

கிளம்பும் முன் ஒரு வேடிக்கை செய்வேன். "வீட்டுல எத்தனை கருவி நெட்ல இருக்கு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு ரவுட்டரில் பட்டியலைத் திறந்து காட்டுவேன். அண்மையில் ஒரு வீட்டில் "எட்டு இருக்கும்" என்றார்கள், பட்டியலில் பத்தொன்பது. ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்து அடையாளம் கண்டோம். பழைய டேப்லெட், டிவி, வாஷிங் மெஷின், பையனின் இரண்டாவது போன். கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. அந்த அம்மாவுக்குத்தான் நினைவு வந்தது: பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரீட்சை சமயத்தில் ஒரு நாளைக்கு மட்டும் என்று பாஸ்வேர்டு கொடுத்தாராம். பெண் கல்லூரியே முடித்துவிட்டாள்.

பாஸ்வேர்டை மாற்றினோம். பதினேழு கருவிகளிலும் புதிதாக அடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அதில் பாதி அவர்கள் வீட்டுப் பிரிண்டருக்கு.