வாட்டர் பிளாக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

வாட்டர் பிளாக் என்பது கணினியின் பிராசசர்மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் அதன் சூட்டை எடுக்கும் உலோகக் கட்டி. மொரீசியஸின் போர்ட் லூயிஸில் ஜனவரி மதியம் அறைக்குள்ளேயே 30 டிகிரியைத் தொட்டுவிடும். மேட்டில் இருக்கும் கியூர்பிப்பில் அதே நேரம் ஐந்தாறு டிகிரி குறைவு. எவ்வளவு விலை கொடுத்த வாட்டர் கூலிங்கும் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. ஆகவே கடலோர வீட்டில் பிராசசர் அந்த ஐந்தாறு டிகிரி கூடுதலாகவே காட்டும். அது கோளாறு இல்லை. இதே காரணத்தால்தான் மொரீசியஸின் ஈரக்காற்றிலும் பிளாக்கின்மேல் பனிநீர் கோக்காது. அதற்கும் மேலே 15, 20 டிகிரி ஏறினால், முதல் சந்தேகம் பிளாக்கைப் பொருத்திய விதத்தின் மேல்தான் விழவேண்டும்.

பிராசசரின் மேற்புறம், பிளாக்கின் அடிப்புறம் என்று கண்ணாடிபோல் மின்னும் இரண்டு உலோகப் பரப்புகளும் உண்மையில் மேடும் பள்ளமுமானவை. மேடுகள் மட்டுமே தொடும்; பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பம் கடத்தும் திறனைச் செம்புக்கு 400 என்று வைத்தால், காற்றுக்கு வெறும் 0.026. இரண்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் 5 முதல் 10 வரை வரும். காற்றைவிட அது எவ்வளவோ மேல், ஆனால் செம்போடு ஒப்பிட்டால் வெகு மட்டம். எனவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும், மெல்லிய ஏடாக அது இருக்கவேண்டும். அந்த ஏட்டை மெல்லியதாக்குவது ஸ்க்ரூக்களின் கீழுள்ள ஸ்பிரிங் தரும் அழுத்தம்.

முதலில் பிளாக்கை மதர்போர்டோடு பிடிக்கும் சட்டத்தை (பிராக்கெட்) சரிபாருங்கள்; பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் வகைக்கேற்ப அது மாறும். இன்டெல் எல்ஜிஏ 1200இல் துளைகளுக்கு இடையே 75 மி.மீ., எல்ஜிஏ 1700இல் 78. பின்னதில் பிராசசரின் உயரமும் சற்றுக் குறைவு. பழைய சட்டத்தை இழுத்து மாட்டினால் அழுத்தம் போதாது. ஏஎம்டி ஏஎம்4 போர்டில் மேல் சட்டத்தைக் கழற்றினால் போர்டின் பின்புறத் தாங்குதகடான பின்தகடு விழுந்துவிடும், பின்னால் ஒரு கை வேண்டும். ஏஎம்5இல் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, கழற்றவே கூடாது.

பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால், நூல் உதிராத துணியில் துடைத்து உலரவிடுங்கள். பிளாக்கின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று இன்னொருமுறை பாருங்கள், மறப்பவர்கள் நிறைய. நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிளாக்கை நேராக இறக்கியபின் ‘பரவியிருக்கிறதா’ என்று தூக்கிப் பார்க்கவேண்டாம். தூக்கினால் காற்று புகுந்துவிடும், துடைத்து முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இனி முறுக்குவது. வேலையின் உயிர் இங்கேதான். நான்கு ஸ்க்ரூவையும் முதலில் இரண்டு மூன்று மரை மட்டும் பிடிக்கவிடுங்கள். பிறகு ஒன்றில் அரைச்சுற்று, மூலைக்கு மூலையாக அதன் எதிரில் அரைச்சுற்று, அப்புறம் மற்ற இரண்டு. இடையிடையே தலையைச் சாய்த்து, பிளாக்கின் விளிம்புக்கும் போர்டுக்கும் உள்ள இடைவெளியை நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டால் எதிர் மூலை எழும்பும், பேஸ்ட் ஆப்புபோல் ஒருபக்கம் திரண்டு நிற்கும். பின்னால் மற்றதை முறுக்கினாலும் அது முழுதாகச் சரியாகாது. ஸ்க்ரூ தானாகத் தட்டி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதையும் தாண்டி இறுக்கினால் போர்டு வளையும், சாக்கெட்டின் ஊசிகள் சரியாகத் தொடாது. 32 ஜிபி ரேம் திடீரென 16 என்று காட்டினால், ரேமைக் குற்றம் சொல்லுமுன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மறுபடி ஒழுங்காக முறுக்கிப் பாருங்கள்.

குழாய்களை பிளாக்கை இழுக்காத நீளத்தில் வெட்டுங்கள். தண்ணீரின் உள்வழி, வெளிவழி மாறக்கூடாது. பல பிளாக்குகளில் தண்ணீர் நடுப்பகுதியில் பாயும்படியே வழி அமைத்திருக்கிறார்கள். இணைப்புகளின் கீழ் டிஷ்யூ வைத்து, பம்பை மட்டும் ஓரிரவு ஓட்டி ஒழுகலைப் பாருங்கள். மற்றவற்றுக்கு மின்சாரம் அதன்பிறகுதான்.

சோதனையில் பிராசசரின் வெப்பநிலை எவ்வளவு என்பதைவிட அது ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 70 வாட்டுக்குத் தண்ணீர் ஒரு டிகிரிதான் சூடாகும். 200 வாட் பிராசசருக்கும் மூன்று டிகிரிக்குள். ஆகவே முழு வேலை கொடுத்த ஓரிரு நொடியிலேயே உச்சத்துக்குத் தாவினால் தொடுகை சரியில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பத்து, இருபது நிமிடத்தில் மெல்ல ஏறினால், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரையோ அதன் விசிறியையோ பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசசர்கள் இதற்கு விலக்கு: 95 டிகிரி வரை ஏற அனுமதித்தே அவற்றை அமைத்திருக்கிறார்கள். அங்கே பிராசசர் இயங்கும் வேகம் (கிளாக் ஸ்பீட்) குறைகிறதா என்பதே கணக்கு.

கழற்றும்போது கணினியைப் பத்து நிமிடம் ஓட்டி பேஸ்ட்டை இளகவிட்டு, அணைத்தபின் பிளாக்கை இடவலமாகத் திருகி எடுங்கள். நேரே இழுத்தால் ஏஎம்4 பிராசசர் ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு பேஸ்ட் பதிந்த தடத்தைப் பாருங்கள். நடுவில் உலோகம் தெரியுமளவு மெலிந்து, ஓரங்களில் சிறிது பிதுங்கியிருந்தால் நல்ல தடம். ஒருபக்கம் தடித்துக் கிடந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் விழவில்லை. துடைத்துவிட்டு, மூலைக்கு மூலை மறுபடி முறுக்குங்கள்.