ஆலை மூடினால் இ.எஸ்.ஐ. தரும் படி: ராஜினாமாவில் கையெழுத்துப் போடும் முன்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டு முறையும் செய்தியில் அடிபட்டது நிரந்தரத் தொழிலாளர்களின் செட்டில்மென்ட்தான். அந்த ஆலைகளை நம்பி ஓடிய உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள், காண்ட்ராக்ட் ஆட்கள், கேன்டீன் ஊழியர்கள் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள இவர்களைப் போன்றவர்களுக்கான திட்டம் இது.

பெயர் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. 2005 ஏப்ரலில் வந்தது. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால் முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் 50%, அடுத்த 12 மாதம் 25% வேலையின்மைப் படியாகக் கிடைக்கும். 16,000 வாங்கியவருக்கு மாதம் ஏறக்குறைய 8,000, பிறகு 4,000; மொத்தம் 1,44,000 ரூபாய். வேறு வேலை கிடைத்துவிட்டால் படி நின்றுவிடும். பணத்தைவிடப் பெரிய விஷயம், படி வாங்கும் காலத்தில் குடும்பம் முழுவதற்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும் என்பது. வீட்டில் ஒரு டயாலிசிஸ் நோயாளி இருந்தால் இதன் அருமை தெரியும்.

குறைந்தது இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். ஓய்வு வயதை எட்டியவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் ஆகியோருக்குக் கிடையாது. கதவடைப்புக் காலத்துக்கும் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும் தானாக வேலையை விட்டவருக்கும் இது இல்லை. சிறு கம்பெனிகளில் நடப்பது தெரிந்ததுதான். ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்" என்று டைப் செய்த தாளை நீட்டுவார்கள். கூடவே ஒரு மாதச் சம்பளத்துக்குச் செக். கையெழுத்துப் போட்டால் இ.எஸ்.ஐ. படி போச்சு. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற ஆட்குறைப்பு இழப்பீடும் போச்சு. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவரின் கணக்கில் 45 நாளுக்குள் போட வேண்டிய மறுதிறன் நிதியும் (வேறு வேலைக்கான திறன் கற்கத் தரும் பணம்; அதுவும் 15 நாள் சம்பளம்தான்) கூடவே போச்சு. விருப்ப ஓய்வுத் தொகை இவற்றையெல்லாம் தாண்டுகிறதா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். சங்கம் இருந்தால் அங்கே கேளுங்கள்.

விண்ணப்பம் உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில். வேலை போன காரணத்தை நிர்வாகம் என்னவென்று எழுதித் தருகிறது என்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 90 நாள் வரை 50% தரும் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற இன்னொரு திட்டமும் உண்டு. அது அவ்வப்போது கால நீட்டிப்பில் ஓடுவது. இப்போது நடப்பில் உள்ளதா என்று அதே கவுன்டரில் கேட்டுக்கொள்ளலாம்.