வாடகைக்கு விடும் முன் வீட்டைத் திரும்பப் பெறும் வழியை யோசியுங்கள்

“ஆறு மாசமா வாடகை வரல சார். அதான் மோட்டாரை நிறுத்திட்டேன். அதுக்குப் போய் எம்மேல புகார் குடுத்துட்டான்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் ஓய்வுபெற்ற ஒருவர். கையில் 20 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த 11 மாத ஒப்பந்தம். அது முடிந்து 3 வருடம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு முறை வாய்ப்பேச்சிலேயே வாடகையை ஏற்றியிருக்கிறார்.

வாடகை பாக்கி வைத்தவர் மீது நியாயமாக அவர் வழக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் தண்ணீரை நிறுத்திய அன்றே பதில் சொல்ல வேண்டியவராக அவர் ஆகிவிட்டார். எவ்வளவு பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே எடுத்து வைப்பது எல்லாமே இதே ரகம்தான். கோபத்தில் செய்யும் ஒரு காரியம் கையில் இருக்கும் நல்ல வழக்கைக் கெடுத்துவிடும்.

முதலீட்டுக்காக வீடு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ‘எவ்வளவு வாடகை போகும்’ என்பதுதான். ‘நமக்கு வேண்டும்போது வீடு கைக்கு வருமா’ என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

இந்த 11 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அது ஓடியது. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 11 மாதமானாலும் சரி, 3 வருடமானாலும் சரி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு இல்லை, அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கச் சட்டமே தடை போடுகிறது. ‘புரோக்கர் பார்த்துக்கொள்வார்’ என்று விடாதீர்கள். சாவி கைமாறியதும் அவர் வேலை முடிந்துவிடும்.

எழுத்து ஒப்பந்தமே போடவில்லை என்றால் எல்லாம் போயிற்றா? அப்படியில்லை. ஒப்பந்தம் ஏற்படாததையே காரணம் காட்டி, வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. 2 மாத வாடகை பாக்கியும் ஒரு காரணம். பதிவான தாள் இருந்தால் இதே பயணம் பாதியாகச் சுருங்கும், அவ்வளவுதான்.

அட்வான்ஸில் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். 10 மாத அட்வான்ஸ் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, காலி செய்யும் நாளில் கொடுக்க முடியாமல் நிற்கும் வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பியாக வேண்டும். போக்கியத்துக்கு விடுபவர்களுக்கு இது இன்னும் பெரிய கண்ணி. வாங்கிய லட்சங்களைத் திருப்பித் தரும்வரை வீடு உங்கள் கைக்கு வராது. கடனை அடைக்கப் போக்கியத்துக்கு விடுகிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிடித்தம் என்றதும் சுவரில் அடித்த ஆணிக்குச் சண்டை போடுவார்கள், மின் கட்டணத்தை மறந்துவிடுவார்கள். இங்கே மின் கணக்கெடுப்பு 2 மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் காலி செய்தால் கடைசி யூனிட்டுகள் உங்கள் தலையில் விழும். சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, குடியிருக்க வந்தவர் முன்னறையில் தையல் கடையோ டியூஷன் சென்டரோ தொடங்கினால் மின் கட்டண வகையே மாறலாம். நோட்டீஸ் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குடியிருப்புக்கு மட்டும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் வேண்டும்.

சரி, லாபத்துக்கு வருவோம். 80 லட்சத்தில் ஃபிளாட் வாங்கி மாதம் 20,000 வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 2.4 லட்சம், அதாவது 3 சதவீதம். சொத்து வரியும் பராமரிப்பும் போனால் இன்னும் குறையும். இதில் நீங்கள் 1,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டதால் நல்ல குடும்பம் ஒன்று கிளம்பிப் போனால்? அடுத்தவரிடம் அந்த ஏற்றம் கிடைத்தாலும் வருடத்துக்கு 12,000தான். வீடு ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 20,000 நஷ்டம், வெள்ளையடிக்கும் செலவு தனி. ஒழுங்காக வாடகை தருபவரைச் சந்தையைவிடச் சற்றுக் குறைந்த வாடகையில் வைத்திருப்பவர் ஏமாளி என்று நான் நினைக்கவில்லை.

‘லோன் போட்டு வாங்கினால் வரி மிச்சம்’ என்பார்கள். செலவானாலும் ஆகாவிட்டாலும், கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைப்பது உண்மைதான். அதோடு வட்டியையும் கழித்தபின் நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் அந்த ஈடுகட்டலே கிடையாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் வாடகைதாரர் வரி பிடித்துக் கட்டியாக வேண்டும். இரு தரப்பிலும் பலருக்கு இது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

அந்த ஓய்வுபெற்றவரிடம் முதலில் மோட்டாரைப் போடச் சொன்னேன். அப்புறம் பாக்கியைக் கணக்கெழுதி நோட்டீஸ் அனுப்பினோம். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், அட்வான்ஸில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு வாடகைதாரர் காலி செய்தார். 2 மாத வாடகை வரவே இல்லை. போன மாதம் புதுக் குடித்தனத்தின் ஒப்பந்தத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதே 11 மாதம்தான். ஆனால் முதல் பக்கத்தில் பதிவு எண் இருந்தது.